காரைக்குடிக் கடைகளில் ஏலக் காகிதம்: கட்டாகக் கிடைத்தால் வாங்குங்கள், ஒற்றைத் தாள் வேண்டாம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகிறவர்கள் எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா அச்சுப்படம், தேக்கு நிலைக்கதவு இவற்றைத்தான் தேடுவார்கள். கடையின் உட்புறத்தில், தரையை ஒட்டிய தட்டுகளில், காகிதமும் இருக்கும். பேரேடு, சிட்டை, பர்மாக் கடிதம், ரசீது, முத்திரைத் தாள் எல்லாம் கலந்து கிடக்கும். வீடு இடிபடும்போதோ பாகம் பிரியும்போதோ மரச்சாமானோடு சேர்ந்து வந்த சரக்கு அது. அதில் ஒரு வகையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்: வெள்ளைக்காரன் காலத்தில் நிலமும் வீடும் ஆடுமாடும் ஏலம் போனதற்கான காகிதங்கள்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுவது நல்லது. சரக்கு பெரும்பாலும் அசல். விற்கும் முறைதான் அதைக் கெடுக்கிறது. ராஜா தலை பெரிதாக, முத்திரை அழகாக இருக்கும் தாளை உருவி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டம் மாட்ட ஏற்றது என்று முன்னால் வைத்துவிடுகிறார்கள். அதோடு சேர்ந்திருந்த வெறும் தாள்கள், அதாவது ஏல அறிக்கை, பணம் கட்டிய ரசீது, ஏலத்தைக் கோர்ட் உறுதி செய்த ஊர்ஜித உத்தரவு, ஒப்படைப்புக் காகிதம் எல்லாம் வேறு மூட்டைக்கோ பழைய பேப்பர் எடைக்கோ போய்விடுகின்றன. ஏலம் நடந்த கதை முழுக்க அந்த வெறும் தாள்களில்தான் இருக்கிறது. அதனால் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையல்ல, "இது கட்டாக வந்ததா, மிச்சத் தாள் இருக்கா?" என்பதுதான்.

கட்டு ஒன்றாக வந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. அந்தக் காலத்தில் காகிதங்களைக் கம்பியில் குத்தி வைப்பது வழக்கம். ஒரே கம்பியில் இருந்த தாள்களின் ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். மடிப்பு வரிகளும் பொருந்தும். கறையான் ஓட்டை, தண்ணீர்க் கறை இவையும் தாளுக்குத் தாள் தொடரும். விற்பனைக்காகச் சேர்த்துக் கட்டிய போலிக் கட்டில் இந்தத் தொடர்ச்சி வராது. இன்னொன்று, எல்லாத் தாளிலும் ஒரே ஓ.எஸ். நம்பரும் ஒரே ஈ.பி. நம்பரும் இருக்க வேண்டும். முதலாவது அசல் வழக்கின் எண். இரண்டாவது டிக்ரியை, அதாவது கோர்ட் தீர்ப்பை, நிறைவேற்றக் கேட்ட மனுவின் எண். ஒரே டிக்ரிக்கு வருஷா வருஷம் புது ஈ.பி. போட்டிருப்பார்கள். ஆகவே ஓ.எஸ். பொருந்தி ஈ.பி. மாறினால் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். இடையில் ஒரு மனு விழுந்துபோயிருக்கும்.

கோர்ட் ஏலக் கட்டு முழுசாக இருந்தால்

1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம், 21-வது ஆர்டர்படி நடந்த ஏலம்தான் இங்கே அதிகம் கிடைக்கிறது. ஜப்தி உத்தரவு முதலில் வரும். அடுத்து ஏல அறிக்கை. இதில் சொத்தின் விவரம், அதன் மேல் உள்ள தீர்வை (நிலவரி), முன்கடன், வசூலாக வேண்டிய தொகை எல்லாம் இருந்தாக வேண்டும். கட்டிலேயே படிக்கச் சுவையான தாள் இதுதான். டிக்ரிதார் (கடனுக்கு டிக்ரி வாங்கியவர்) சொத்துக்குப் போட்ட மதிப்பும் கடைசியில் போன ஏலத் தொகையும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பாருங்கள். டிக்ரிதாரே வாங்கப் போகிறார் என்றால் மதிப்பைக் குறைத்துப் போடுவதில் அவருக்கு லாபம். "மதிப்பு குறைவு" என்று கடனாளி போட்ட ஆட்சேப மனு கட்டில் இருந்தால் அதைத் தனியாக விடாதீர்கள்.

அறிக்கையை ஒட்டித் தமுக்கடித்த பிறகு, அன்றைய விதிப்படி அசையாச் சொத்துக்குக் குறைந்தது 30 நாள், அசையும் சொத்துக்கு 15 நாள் கழித்துத்தான் ஏலம். (1976 திருத்தத்துக்குப் பிறகு இது 15, 7 என்று சுருங்கியது. இன்றைய கணக்கை வைத்துப் பழைய தாளை அளக்கக் கூடாது.) ஏலம் கேட்டவர் அந்த இடத்திலேயே 25 சதவீதம் கட்ட வேண்டும், மிச்சத்தை 15 நாளுக்குள். தவறினால் மறு ஏலம். கட்டிய பணத்தில் செலவு போக மீதி சர்க்காருக்குப் போகவும் கூடும். உதாரணத்துக்கு 400 ரூபாய்க்கு ஏலம் போனால் அன்றே 100, பதினைந்தாம் நாளுக்குள் 300, கூடவே வாங்கியவருக்குக் கோர்ட் கொடுக்கும் கிரய சர்டிபிகேட்டை எழுத முத்திரைத் தாள் செலவு. ஆக ஒரு கட்டில் குறைந்தது இரண்டு பணச் சீட்டு எதிர்பார்க்கலாம்.

இந்த இரண்டு சீட்டும் இல்லையென்றால்? செட்டிநாட்டுக் கட்டுகளில் இது அடிக்கடி நேர்வது. காரணம் எளிது. ஏலம் எடுத்தவர் டிக்ரிதாரேதான். கோர்ட் அனுமதி வாங்கிக்கொண்டு டிக்ரிதார் ஏலம் கேட்கலாம். ஏலத் தொகையைத் தமக்கு வர வேண்டிய கடனில் கழித்துக்கொள்ளலாம். ரொக்கம் கை மாறாது, சீட்டும் இருக்காது. அதற்குப் பதில் ஏலம் கேட்க அனுமதித்த உத்தரவும், கடனில் கழித்துக்கொள்ள அனுமதித்த உத்தரவும் இருக்கும். "ரசீது இல்லை, சந்தேகமான கட்டு" என்று நல்ல சேகரிப்பாளர்களே ஒதுக்கிவிட்டுப் போவதைத் தெருவில் பார்க்கலாம். வட்டிக்கடைக் குடும்பத்துக் கட்டில் ரசீது இல்லாததுதான் இயல்பு.

பிறகு 30 நாள் காத்திருப்பு. இதற்குள் கடனாளி முழுக்கடனையும், ஏலம் எடுத்தவருக்கு ஏலத் தொகையில் 5 சதவீதத்தையும் கட்டினால் ஏலம் ரத்தாகும். மோசடி அல்லது முறைகேடு என்று சொல்லியும் ரத்துக் கேட்கலாம். யாரும் கேட்கவில்லை என்றால் ஊர்ஜித உத்தரவு. அதன் பிறகுதான் கிரய சர்டிபிகேட். ஆகவே சர்டிபிகேட்டில் ஏலம் நடந்த தேதிக்கும் ஊர்ஜிதத் தேதிக்கும் நடுவே 30 நாளாவது இடைவெளி இருக்கும். குறைவாக இருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மூன்றாவதாக ஒரு தேதியும் இருக்கும்: சர்டிபிகேட் எழுதிய தேதி. வாங்கியவர் முத்திரைத் தாள் கொண்டுவந்து கொடுக்கச் சுணங்கினால் இது மாசக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில் தள்ளிப்போயிருக்கும். அதில் தப்பில்லை. 1908 சட்டப்படி சொத்து வாங்கியவருக்குச் சேர்ந்தது ஏலம் நடந்த நாளிலிருந்தே என்றுதான் கணக்கு.

கட்டின் கடைசித் தாள் ஒப்படைப்பு ரசீது. கோர்ட் ஊழியரான அமீனா போய் இடத்தைக் கையில் கொடுத்ததற்கான எழுத்து. நிலத்தில் குத்தகைக்காரர் இருந்தால் அவரைக் கிளப்பாமல், சர்டிபிகேட் நகலை ஒட்டித் தமுக்கடித்து, பெயரளவில் ஒப்படைப்பார்கள். ஒப்படைப்பு கேட்க அன்றைய காலவரம்பு சட்டப்படி 3 வருஷம்தான் கெடு. எங்கள் கணிப்பில் முழுக்கட்டுக்கும் அரைகுறைக் கட்டுக்கும் வித்தியாசம் இந்த ஒற்றைத் தாள். முதலாளி ரங்கூனிலோ பினாங்கிலோ இருப்பார். ஊரில் இருந்த ஏஜெண்ட் ஏலம் எடுத்து சர்டிபிகேட்டும் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார். நிலத்தில் பழைய ஆளே உழுதுகொண்டிருப்பார். காகிதத்தில் சொந்தம் மாறும், களத்தில் மாறாது. ஒப்படைப்பு ரசீது இல்லாத சர்டிபிகேட்டைப் பார்த்து "எங்கள் தாத்தாவுக்கு இந்த ஊரில் இவ்வளவு நிலம் இருந்தது" என்று எழுதுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

பெயரிலும் ஒரு சிக்கல். சர்டிபிகேட்டில் இருக்கும் ஆள்தான் பணம் போட்டவர் என்று சொல்ல முடியாது. கடையின் மேலாள் பெயரிலோ உறவுக்காரர் பெயரிலோ எடுப்பது சாதாரணம். 1908 சட்டத்தின் 66-வது பிரிவு, சர்டிபிகேட்டில் உள்ளவர் மேல் "இது என் பணத்தில் எனக்காக எடுத்தது" என்று வழக்குப் போடுவதைத் தடுத்தது. அதனால் பின்னால் முதலாளி பெயருக்கு ஒரு தனிப் பத்திரம் எழுதி வாங்கியிருப்பார்கள். அந்தப் பத்திரமும் கட்டில் இருந்தால் அதிர்ஷ்டம். பேரேட்டில் அந்த நிலத்தின் பெயரில் பற்று விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது வழி. பேரேட்டைத் தனியாக வேறு ஆளுக்கு விற்றுவிட்ட கடையில் இதுவும் போச்சு.

போலியும் பொருந்தாததும்

முழுப்போலி அபூர்வம்; அந்த உழைப்புக்கு இந்தச் சரக்கில் காசு இல்லை. நடப்பது வேறு. வெற்று முத்திரைத் தாளில் பிற்பாடு எழுதுவது, தேதியைத் திருத்திப் பழசாக்குவது, விக்டோரியா தாள் என்று எட்வர்டு தாளைத் தள்ளிவிடுவது. இதற்குச் சில சோதனைகள்.

முத்திரைத் தாளின் பின்பக்கம் அதை விற்ற வெண்டரின் எழுத்து இருக்க வேண்டும்: வரிசை எண், தேதி, மதிப்பு, வாங்கியவர் பெயர், வெண்டர் கையெழுத்து. அந்தத் தேதி முன்பக்கத் தேதிக்கு முந்தியோ அதே நாளாகவோ இருக்க வேண்டும். ராஜா தலையையும் தேதியையும் ஒப்பிடுங்கள். விக்டோரியா இறந்தது 1901, ஏழாம் எட்வர்டு 1910, ஐந்தாம் ஜார்ஜ் 1936 ஜனவரி. பழைய சரக்கு தீரும்வரை பழைய தலைத் தாளே ஓடியது, ஆகவே 1902-ல் விக்டோரியா தாள் இருப்பது சரி. 1905-ல் ஐந்தாம் ஜார்ஜ் தாள் இருக்க முடியாது. ஆறாம் ஜார்ஜ் தலை இருந்தால் உடனே "வெள்ளைக்காரன் காலம்" என்று விலை சொல்வார்கள்; சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தத் தாள் புழங்கியது, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜில்லாவின் பெயர் இன்னொரு பிடி. ராமநாதபுரம் ஜில்லா உருவானது 1910-ல். அதற்கு முன் இந்தப் பக்கத்து ஊர்கள் மதுரை ஜில்லா. 1890-களின் தாளில் "ராமநாதபுரம் ஜில்லா" என்று எழுதியிருந்தால், தேதியில் கை வைத்திருக்கிறார்கள்.

சட்டப் பிரிவு எண் இன்னும் கூர்மையான பிடி, ஏனென்றால் கை வைக்கிறவர்களுக்கு இது தெரியாது. கிரய சர்டிபிகேட் 1859-ன் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 259-வது பிரிவு. 1877, 1882 சட்டங்களில் 316-வது பிரிவு. 1909 ஜனவரி முதல் 21-வது ஆர்டர், 94-வது விதி. தலைப்பில் அச்சாகியிருக்கும் எண்ணும் தேதியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

முத்திரை மதிப்பும் கணக்குக்குப் பொருந்த வேண்டும். 1899 முத்திரைச் சட்டத்தின் மூல விகிதப்படி ஏலத் தொகை 10 ரூபாய் வரை இரண்டணா, 25 வரை நாலணா. அதற்கு மேல் சாதாரண கிரயப் பத்திர விகிதம்: 50 வரை எட்டணா, 100 வரை ஒரு ரூபாய், பிறகு ஆயிரம் வரை நூற்றுக்கு ஒரு ரூபாய். நாம் மேலே சொன்ன 400 ரூபாய் ஏலத்துக்கு 4 ரூபாய்த் தாள். பின்னாளில் சென்னை மாகாணத்தில் விகிதம் ஏறியது, ஆகவே 1920-களுக்குப் பிந்தைய தாளில் கூடுதலாக இருக்கலாம். குறைவாக இருக்கக் கூடாது. ரசீதுகளில் 20 ரூபாய்க்கு மேல் என்றால் ஓரணா ஸ்டாம்பு ஒட்டி அதன் மேல் கையெழுத்து குறுக்காக ஓடியிருக்கும். ஸ்டாம்பைக் கிழித்து ஸ்டாம்பு சேகரிப்பாளருக்கு விற்றுவிட்ட ரசீதுகள் ஏராளம். கிழிந்த சதுரம் இருக்கும் ரசீதைக் குறைந்த விலைக்குக் கேட்கலாம், உள்ளடக்கம் போகவில்லை.

"பின்னால் ரிஜிஸ்தர் நம்பர் இல்லையே" என்று தயங்குவோர் உண்டு. ஏல சர்டிபிகேட்டைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கோர்ட் ஒரு நகலைப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பும், அவர்கள் அசையாச் சொத்துக்கான 1-ம் புத்தகத்தில் கோர்த்து வைப்பார்கள். நம்பர் இல்லாதது குறையல்ல.

ஒரு எச்சரிக்கை. கட்சிக்காரர் வீட்டில் இருக்கக்கூடியது சர்டிபிகேட்டின் அசலும், மற்றவற்றின் சான்றிட்ட நகலும்தான். நகலில் மனுச் செய்த தேதி, ஸ்டாம்பு கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி என்று சின்னக் கட்டம் ஒன்று இருக்கும். அந்தக் கட்டம் இல்லாமல், நீதிபதியின் மூலக் கையெழுத்தோடு கோர்ட்டின் சொந்தக் கோப்பே கடையில் இருந்தால், அது ரிக்கார்டு ரூமிலிருந்து வெளியே வந்த சரக்கு. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொட வேண்டாம்.

கச்சேரி ஏலம் வேறு

தீர்வை பாக்கிக்காகச் சர்க்கார் கச்சேரி நடத்திய ஏலத்தைக் கோர்ட் ஏலத்தோடு குழப்புகிறார்கள். 1864-ம் வருஷத்து 2-வது சட்டப்படி நடந்த ஏலத்தில் அன்றே கட்டுவது 15 சதவீதம், மிச்சத்துக்கு 30 நாள். பெரிய வித்தியாசம் பலனில்: கோர்ட் ஏலத்தில் கடனாளிக்கு என்ன உரிமை இருந்ததோ அது மட்டும்தான் கை மாறும், அடமானம் இருந்தால் அடமானத்தோடு. தீர்வை ஏலத்தில் நிலம் முன்கடன்கள் எல்லாம் நீங்கி வரும். அதனால் அடமானம் பிடித்திருந்த லேவாதேவிக்காரர் தீர்வை ஏல நோட்டீசைப் பார்த்தால் பதறிப்போய்த் தாமே பாக்கியைக் கட்டுவார். அப்படிக் கட்டிய சலான் ஒன்று அடமானப் பத்திரத்தோடு இணைந்திருந்தால், நடக்காமல் போன ஏலத்தின் தடயம் அது.

ஆனால் செட்டிநாட்டு ஊர்களில் பெரும்பாலானவை சிவகங்கை, ராமநாதபுரம் ஜமீன்களுக்குள் இருந்தவை. குடியானவர் பாக்கி ஜமீனுக்கு. அதை வசூலிக்க 1865-ன் 8-வது சட்டமும், பிறகு 1908-ன் 1-வது சட்டமான எஸ்டேட் நிலச் சட்டமும். ஜமீன் ஊர்த் தாளில் 1864 சட்டம் எழுதியிருந்தால் நின்று ஒரு முறை படியுங்கள். ஊரோ சட்டமோ எங்கோ இடிக்கிறது.

வடக்கே ராயவரம், கோனாபட்டு போன்ற ஊர்களின் தாள்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்தவை. தனிக் கோர்ட்டு, தனி முத்திரை. 1948 மார்ச்சில் இணையும் வரை அப்படித்தான். பிரிட்டிஷ் ராஜா தலை இல்லை என்று கடைக்காரர்களே இவற்றை மட்டமாக வைப்பது வாங்குகிறவருக்கு லாபம்.

ஆடுமாடு ஏலம்: அதிகம் கிடைக்காது, கிடைத்தால் விடாதீர்கள்

கால்நடை ஏலத்துக்கு சர்டிபிகேட் கிடையாது. அன்றே முழுப் பணம், அன்றே ரசீது, அதோடு ஏலம் முடிந்தது. பணம் வராவிட்டால் அப்போதே மறு ஏலம். நிலத்தைப் போல முறைகேடு என்று சொல்லி ரத்துக் கேட்கவும் வழியில்லை. நஷ்ட ஈடு கேட்டு வழக்குத்தான் போட வேண்டும். ஜப்தி செய்த மாட்டுக்குத் தீனிச் செலவை டிக்ரிதார் முன்பணமாகக் கட்ட வேண்டும். காப்புச் செலவு மாட்டின் விலையைத் தாண்டும் என்று தோன்றினால் ஜப்தி செய்த அதிகாரி அங்கேயே விற்கலாம். ஆகவே காகிதம் குறைவு: ஜப்திப் பட்டியல், தீனிக் கணக்கு, ஒரு ரசீது. மதிப்பு பட்டியலில் இருக்கிறது. மாட்டை அடையாளம் காட்டுவதற்காக நிறம், பல், கொம்பு, சுழி, சூடு எல்லாம் எழுதுவார்கள். மயிலை, செவலை, காரி. இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது. விரி கொம்பு, மோழை. இரண்டு பல் என்றால் இரண்டு இரண்டரை வயசு, கடை சேர்ந்தது என்றால் ஐந்தை ஒட்டி. புலிக்குளம் மாட்டுச் சீமையில் அன்று எப்படிப்பட்ட மாடு வீடுகளில் நின்றது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேறு எளிதில் கிடைக்காது.

உழவு மாட்டைப் பட்டியலில் காண்பது அரிது. விவசாயிக்குப் பிழைப்புக்குத் தேவையான மாட்டையும் கருவியையும் 1882 சட்டம் 266-வது பிரிவிலும் 1908 சட்டம் 60-வது பிரிவிலும் ஜப்தியிலிருந்து விலக்கின. அதனால் வண்டி மாடு, கறவை, எருமை, ஆடு என்றுதான் வரும். "வண்டி மாடு" என்று எழுதியதை "உழவு மாடு" என்று கடனாளி ஆட்சேபித்த மனு ஒன்று கூட இருந்தால், அந்தக் கட்டுக்குக் கேட்ட விலையைக் கொடுக்கலாம்.

பவுண்டு ரசீது இன்னொரு வகை. அடுத்தவர் பயிரை மேய்ந்த மாட்டை அடைக்கும் இடம், 1871 சட்டம். அடைத்து ஏழு நாளில் சொந்தக்காரர் வராவிட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்கு அறிக்கை, நோட்டீஸ், ஊரிலும் பக்கத்துச் சந்தையிலும் தமுக்கு. நோட்டீசிலிருந்து இன்னும் ஏழு நாள் போனால் ஏலம். பவுண்டுக்காரரும் அதிகாரிகளும் அந்த ஏலத்தில் வாங்கக் கூடாது என்று சட்டத்திலேயே தடை. மூல அபராதம் எருமைக்கு எட்டணா, மாட்டுக்கும் குதிரைக்கும் நாலணா, கன்றுக்கும் கழுதைக்கும் இரண்டணா, ஆட்டுக்கு ஓரணா. யானைக்கு இரண்டு ரூபாய். பவுண்டில் யானையைக் கட்டி வைக்க யாருக்குத் துணிச்சல் வந்தது என்று சட்டம் சொல்லவில்லை. தீனிச் செலவு இதற்கு மேல் தனி. ரசீதுகள் சிறிய மட்டமான தாளில் இருப்பதால் முதலில் குப்பைக்குப் போவது இவைதான்.

பர்மாத் தாள்

கடைகளில் கணிசமாகக் கிடைப்பது கீழ்ப் பர்மா நிலக் காகிதம். 1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் சுமார் 6 சதவீத நிலம் செட்டிநாட்டு நகரத்தார் கையில் இருந்தது. நெல் விலை சரிந்து கடன்கள் முறிய, 1938 வாக்கில் அது சுமார் 25 சதவீதம். அந்த எட்டு வருஷத்துத் தாள்கள்தான் மூட்டை மூட்டையாக வந்தவை. 1937 ஏப்ரல் வரை பர்மா இந்தியாவோடு சேர்ந்தது, ஆகவே அதுவரை இந்திய முத்திரைச் சட்டமும் அதே சிவில் சட்டமும்தான். மேலே சொன்ன சோதனைகள் செல்லும். 1948-ல் பர்மா நிலத்தை தேசியமயமாக்கும் சட்டம் கொண்டுவந்தது. இந்தத் தாளை வைத்து எதையும் கேட்க முடியாது. "பர்மாச் சொத்துப் பத்திரம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறவரிடம் சரித்திரத்துக்கான விலை மட்டும் கொடுங்கள்.

படிக்கத் தெரிந்தால்தான் வாங்குங்கள்

கணக்குத் தாள்களில் ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். எண்கள் ௧, ௨, ௩ என்று தமிழிலேயே இருக்கும். பசலி என்ற வருவாய் வருஷக் கணக்கோடு 590 கூட்டினால் ஜூலையில் தொடங்கும் ஆங்கில வருஷம்: பசலி 1345 என்றால் 1935 ஜூலை முதல் 1936 ஜூன் வரை. நிலத்தின் அளவு ஏக்கரில் இராது. இத்தனை கலம், மரக்கால் விதைப்பாடு என்று இருக்கும். எவ்வளவு விதை விழும் என்பதை வைத்துச் சொன்ன அளவு அது, மண்ணுக்கு மண் மாறும். அதை ஏக்கராக மாற்றி விலை பேசுகிறவரை நம்ப வேண்டாம். ஜமீன் ஊர்களில் சர்வே எண் இல்லாமல் நான்கெல்லை மட்டும் சொல்லியிருப்பதும் வழக்கமே.

1937 அக்டோபர் முதல் தேதிக்குப் பிந்தைய கோர்ட் ஏலம் என்றால் ஒரு கேள்வி கூடுதல். 1938-ன் 4-வது சட்டமான விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அந்தத் தேதிக்குப் பின் ஏலம் போன விவசாயி நிலத்தை மீட்க மனுச் செய்ய வழி கொடுத்தது. அழகான சர்டிபிகேட் கையில் இருக்கும், ஏலமே பின்னால் ரத்தாகியிருக்கும். கட்டில் 1938-39 காகிதம் ஏதும் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

சொந்த வழக்குக்காகத் தேடி வருவோருக்கு இந்தத் தெரு உதவாது. ஜமீன் நிலங்கள் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு ரயத்துவாரியாகி (சர்க்காருக்கே நேராகத் தீர்வை கட்டும் முறை), புதிதாகப் பட்டா கொடுக்கப்பட்டது. 1979 முதல் 1987 வரை யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்பில் மறுபடி ஒரு முறை எண்கள் மாறின. பழைய ஏலத் தாளிலிருந்து இன்றைய சர்வே எண்ணுக்கு வர இந்த இரண்டு படியையும் தாண்ட வேண்டும். தேவை சர்டிபிகேட் நகல் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் 1-ம் புத்தகத்தைத் தேடச் சொல்லி மனுப் போடுங்கள். இணையத்தில் வில்லங்கம் எல்லாப் பழைய வருஷத்துக்கும் இராது, இல்லாததைக் கையால் தேட வேண்டும். கட்டணம் எத்தனை வருஷம் தேடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே வருஷத்தை முடிந்தவரை குறுக்கிக்கொண்டு, அன்றைய ஊர்ப்பெயர், கட்சிக்காரர் பெயர் இரண்டையும் எழுதிக் கொடுங்கள்.

வாங்கிய பிறகு

நிலையான விலை கிடையாது. முன் தட்டில் உறையில் இருப்பதற்கு அலங்கார விலை, உள் மூட்டைக்குப் பேரம். கட்டைப் பிரித்துத் தரச் சொல்லாதீர்கள். "மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன்" என்றால் தாளுக்குத் தாள் விலை கணிசமாக இறங்கும். கடையிலேயே முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை அடுக்கு மாறாமல் போனில் படம் பிடியுங்கள். அந்த அடுக்கு ஒரு முறை கலைந்தால் திரும்ப வராது.

வீட்டுக்கு வந்ததும் மற்ற புத்தகங்களோடு சேர்க்காமல் மூடிய உறையில் இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்து, பூச்சித் தூள் விழுகிறதா என்று கவனியுங்கள். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றுங்கள், ஆனால் அது எந்தத் தாள்களைச் சேர்த்திருந்தது என்று குறித்த பிறகு. செலோ டேப் கூடாது. லேமினேஷன் அறவே கூடாது. பழைய மை தாளை அரிப்பதை அது நிறுத்தாது, பின்னால் சரிசெய்யவும் வழி விடாது. சட்டம் மாட்டியே ஆக வேண்டும் என்றால் ஸ்கேன் பிரதியை மாட்டுங்கள். முற்றத்து வெளிச்சத்தில் அசல் மை சில வருஷத்தில் பழுப்பாகி மறையும்.

ஸ்கேன் செய்து இணையத்தில் போடுகிறவர்கள் கடனாளி பெயரையும் ஊரையும் மறைப்பது மரியாதை. அந்த ஊரில் அந்தக் குடும்பம் இன்னும் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. 1972 தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியும் ஆவணமும் 75 வருஷம் தாண்டினால் தொல்பொருள். மற்றப் பொருள்களுக்குத்தான் 100 வருஷம். தனியார் யாரும் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. "சாதாரணப் பேப்பர்தானே, பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள்" என்று கடையில் சொல்வார்கள். ஏர்போர்ட்டில் நிற்கப் போவது நீங்கள். படம் எடுத்துக்கொண்டு, அசலை இங்கேயே உறவினர் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.